பருத்தித் தோட்டத்தில் தவறவிட்ட ஒரு மதிப்பெண்

வேளாண் அலுவலராக வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் உங்கள் முன்னால் ஓர் இலையை நீட்டுவார். சட்டைப் பையிலிருந்து எடுப்பார், அல்லது முந்தானை முடிச்சிலிருந்து. இப்போதெல்லாம் பெரும்பாலும் செல்போனிலிருந்து. "இது என்னங்க?" என்று கேட்பார். உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். தெரிந்த பதிலைச் சொல்ல நாக்கு துடிக்கும். அந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தப் பார்க்கிறேன்.

நீங்கள் எல்லோரும் இப்போதுதான் பரீட்சை எழுதி வந்திருக்கிறீர்கள். நோய் என்றால் என்ன, சத்துப் பற்றாக்குறை என்றால் என்ன, களை என்றால் என்ன என்றெல்லாம் ஒற்றை வரியில் விடை எழுதியிருப்பீர்கள். 'அறிகுறி என்பது பாதிக்கப்பட்ட செடி வெளியே காட்டும் மாற்றம்.' எழுதினால் ஒரு மதிப்பெண். நானும் எழுதி வாங்கியவள்தான். இருபத்திரண்டு வருடம் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த பிறகு, பழனியம்மாளின் பருத்தித் தோட்டத்தில் அந்த ஒரு மதிப்பெண்ணைக் கோட்டை விட்டேன்.

பழனியம்மாளுக்குத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். கணவர் முருகேசனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலை. வண்டி வடக்கே கிளம்பினால் ஊர் திரும்ப நாலைந்து மாதம் ஆகும். ஓர் ஏக்கர் தோட்டத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். பக்கத்துத் தோட்டம் முருகேசனுடைய அண்ணன் செங்கோட்டுவேலுடையது. அந்த வருடம் அவர் மக்காச்சோளம் போட்டிருந்தார், இவள் பருத்தி. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு.

எனக்குப் பழனியம்மாளை ரொம்பப் பிடிக்கும். நான் ஆத்தூர்க்காரி. அந்தப் பக்கம் மாற்றலாகி வந்த புதிதில் என் பேச்சு வெடுக்கென்று இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் மட்டும், "அவிய ஊருப் பேச்சு அப்புடி, மனசு அப்புடியில்லீங்க" என்று எனக்காகப் பரிந்து பேசினாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கூட்டம் என்று கூப்பிட்டால் முதல் ஆளாக வந்து உட்காருவாள். சொன்னதை அப்படியே செய்வாள். நம்மை அவ்வளவு நம்புகிற ஒருவர் நமக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பருவத்தில் பருத்தியில் அசுவினிப் பூச்சி ஏறியிருந்தது. மருந்தடிக்கச் சொன்னது நான்தான். அவளும் அடித்தாள். அடித்து ஒரு வாரம் கழித்து, நான் நாமக்கல்லில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது, போனில் ஒரு படம் வந்தது. உள்ளங்கையில் வைத்து எடுத்த ஒற்றைப் பருத்தி இலை. அகலமாக விரிய வேண்டிய இலை, விரல் விரலாகப் பிரிந்து, நரம்பெல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி, வெண்டை இலை மாதிரி ஒடுங்கிக் கிடந்தது.

அந்த மாதம் முழுக்க நான் மரவள்ளித் தேமல் நோயைப் பற்றித்தான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் பத்துத் தோட்டம், பத்திலும் சுருண்ட இலை, பத்தும் வைரஸ். படத்தைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மேடையில் பேசிக்கொண்டிருந்தவரைப் பார்த்தபடியே, மேஜைக்கடியில் கட்டை விரலால் தட்டினேன். வைரஸ் மாதிரி தெரிகிறது, பாதித்த செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், இல்லையென்றால் பரவிவிடும் என்று. 'மாதிரி தெரிகிறது' என்று போட்டது எனக்கு நானே வைத்துக்கொண்ட காப்பு. கேட்பவர் காதில் அந்த வார்த்தை விழாது. 'பிடுங்குங்கள்' என்பது மட்டும்தான் விழும். இதை நினைவில் வையுங்கள்.

மறுநாள் வேறு வேலை. அதற்கு மறுநாள் காலையில் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. சரி, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினேன். வாய்க்கால் மேட்டில் பிடுங்கிய செடிகள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. இடுப்பளவு வளர்ந்து, மொக்கு வைத்த செடிகள். ஒரு குவியல் ஏற்கெனவே எரிந்து சாம்பலாகியிருந்தது. இரண்டு நாளில் அவள் ஒருத்தியாகவே இருபத்தாறு வரிசை பிடுங்கியிருந்தாள். தினமும் காலையில் பார்த்தால் இன்னும் நாலு வரிசையில் கொழுந்து ஒடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இனி தன்னால் ஆகாது என்று அன்றைக்கு மூன்று பெண்களை ஆள் விட்டிருந்தாள். அவர்கள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

பழனியம்மாள் கையில் துணி சுற்றியிருந்தது. பருத்தித் தண்டு உள்ளங்கையைக் கிழித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

வரப்புக்கு அந்தப் பக்கம், மக்காச்சோளத்துக்குள் செங்கோட்டுவேல் நின்றிருந்தார். வரவும் இல்லை, போகவும் இல்லை. என்ன விஷயம் என்று வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். பால் சொசைட்டியில் யாரோ பேசியிருக்கிறார்கள். இது சீக்கு இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேண்டுமென்றே எதையோ தெளித்துவிட்டார் என்று. தம்பி ஊரில் இல்லாத நேரம் பார்த்துச் செய்ததாகவும் ஒரு பேச்சு. இரண்டு நாளாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பழனியம்மாள் வடக்கே இருக்கிற கணவரிடம் போனில் அழுதிருக்கிறாள். முருகேசன் உடனே அண்ணனைக் கூப்பிட்டு, கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டிருக்கிறார். பதிலுக்கு அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டாராம்.

பழனியம்மாள் எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க மேடம், இது சீக்குங்களா, இல்ல ஆராச்சும் பண்ணுனதுங்களா? நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் நான் நம்புவேன்."

அவள் கேட்டதில் இரண்டு பதில்தான் இருந்தது. சீக்கு என்றால் அந்த மூன்று பெண்களும் மிச்சத் தோட்டத்தில் இறங்குவார்கள். யாரோ செய்தது என்றால் ஒரு குடும்பம் அத்தோடு முடிந்தது. நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் சோளத்துக்குள்ளிருந்து பார்த்தார்.

அப்போது எனக்கு ஒரு சிநேகிதியின் ஞாபகம் வந்தது. பக்கத்து வட்டாரத்தில் வேலை பார்த்தவள். என் வயதுதான். பல வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் செடியைத் தொட மாட்டாள், யாரோடும் பேச மாட்டாள். முதலில் வரப்பு மேல் ஒரு சுற்று நடந்து வருவாள். விவசாயிகள் பொறுமையிழந்து பின்னாலேயே ஓடுவார்கள். நான் அவளைக் கேலி செய்திருக்கிறேன், கோயில் பிரகாரம் சுற்றுகிறாயா என்று. செடி ஒரு பக்கத்தைத்தான் சொல்லும், தோட்டம்தான் முழுக்கதையும் சொல்லும் என்பாள் சிரித்துக்கொண்டே.

நான் பழனியம்மாளிடம், ஒரு சுற்று நடந்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை யாரும் ஒரு செடியும் பிடுங்க வேண்டாம் என்றேன். நடக்க ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், முதல் பாதி தூரம் எதையும் பார்க்கவில்லை. கால் மட்டும்தான் நடந்தது. மேற்கு மூலையில் திரும்பியபோதுதான் கண் திறந்தது.

பாதிப்பு தோட்டம் முழுக்க இல்லை. மோட்டார் ரூம் பக்கத்தில்தான் கடுமை. அங்கேதான் அவள் பிடுங்கியிருந்தாள். அதைத் தாண்டி ஒரு பட்டை அளவுக்குச் செடிகள் சுமாராக ஒடுங்கியிருந்தன. அதற்கும் அடுத்து, கொழுந்து மட்டும் லேசாக. பிறகு சட்டென்று ஒரு கோடு கிழித்த மாதிரி, கடைசி வரைக்கும் பச்சைப் பசேலென்று அகல இலை. நோய் இப்படிப் பரவாது. அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கித் திட்டுத் திட்டாகப் பெருகும். ஊர் பேசிய மாதிரி பக்கத்துத் தோட்டத்தில் தெளித்தது காற்றில் வந்திருந்தால், மக்காச்சோள வரப்பு ஓரம் நெடுக அடிபட்டிருக்க வேண்டும். ஆனால் வரப்பு ஓரச் செடிகளும் பாதிக்கு மேல் நன்றாகவே இருந்தன.

சுற்றை முடித்து மோட்டார் ரூமுக்கு வந்தேன். அதன் வேலியில் ஓர் அவரைக் கொடி படர்ந்திருந்தது. ஒரு பக்கம் நன்றாகப் பூத்திருந்தது. மறுபக்கம் ஒரு முறம் அளவுக்கு இலை முறுக்கிக்கொண்டு, தண்டு திருகிக் கிடந்தது. பருத்தியில் வந்த வைரஸ் அவரையில் முறம் அளவுக்கு மட்டும் ஏன் வர வேண்டும்?

பழனியம்மாளைக் கூப்பிட்டு, இந்தக் கொடியில் எதையாவது அடித்தாயா என்று கேட்டேன். அவள் யோசித்தாள்.

"ஸ்பிரேயர் நாசில்ல மருந்து சரியா வருதான்னு மொதல்ல அது மேலதானுங்க அடிச்சுப் பாத்தேன்."

ஸ்பிரேயர் யாருடையது என்று கேட்டேன். அவள் சோளக்காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. மக்காச்சோளத்துக்கு அடிக்கிற களைக்கொல்லிகளில் சில, பருத்திக்குப் பரம எதிரி. டேங்க்கின் அடியிலும் குழாயிலும் தங்கியிருக்கிற கொஞ்சம் போதும். முதல் டேங்க்கில் அது அதிகமாக வந்திருக்கிறது, இரண்டாவதில் குறைவாக, மூன்றாவதில் இன்னும் குறைவாக. நாலாவது டேங்க்கிலிருந்து ஒன்றும் இல்லை. எந்த டேங்க் எந்த இடத்தில் தீர்ந்தது என்று அவளையே கேட்டேன். அவள் கை காட்டிய மூன்று இடங்களும், நான் நடந்தபோது பார்த்த மூன்று எல்லைகளும் ஒன்றாக இருந்தன.

பாருங்கள், புத்தகத்தில் நாம் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி என்று தனித்தனிப் பெயர் படிக்கிறோம். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், மருந்து. அவரும் மருந்துதான் அடித்தார், இவளும் மருந்துதான் அடித்தாள். வார்த்தை ஒன்றாக இருக்கும்போது டேங்க்கும் ஒன்றாக இருப்பதில் அவர்களுக்கு என்ன தப்பு தெரியும்? அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் நமக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். மருந்தடிக்கச் சொன்ன அன்றைக்கு, எந்த ஸ்பிரேயரில் அடிப்பாய் என்று நான் அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? அந்த மூன்று பெண்கள் முன்னால், இது உன் மச்சாண்டார் ஸ்பிரேயரிலிருந்து வந்தது என்று நான் சொன்னால், சாயங்காலத்துக்குள் ஊரில் 'ஆபீசரே சொல்லிட்டாங்க' என்று ஆகிவிடும். என் செய்தியை நம்பி அவள் பிடுங்கியதைச் சொல்லாமலும் விட்டுவிடலாம். அந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் சேர்த்த பெயர் கண் முன்னால் வந்து நின்றது.

முதலில் என் பங்கை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மற்றதை அவர்கள் இருவரிடம் மட்டும்.

"பழனியம்மா, இது நோய் இல்லை. படத்தைப் பார்த்து நான் தப்பாச் சொல்லிட்டேன். நீ பிடுங்கினதில் பாதிச் செடி பிழைச்சிருக்கும். மிச்சத்தை யாரும் தொட வேண்டாம்."

வேலைக்கு வந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனியம்மாள் குவியலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, கையைப் பார்த்துவிட்டு, திரும்பவும் சுற்றிக்கொண்டாள். அந்தப் பெண்களிடம், வந்ததற்கு மேற்கே களை வெட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அந்த நிலையிலும் அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

நான் வரப்போரம் போய்ச் செங்கோட்டுவேலைக் கூப்பிட்டேன். ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் வர முடியுமா என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி வந்தார். ஐம்பது வயது மனிதர், இரண்டு நாளில் முகம் இருண்டுபோயிருந்தது. மோட்டார் ரூம் நிழலில் மூன்று பேரும் நின்றோம். மூடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் முகர்ந்தார். குழாயைக் கழற்றி அதையும் முகர்ந்தார். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே அடித்த களைமருந்தின் வாடை அவருக்குத் தெரியாதா?

"ரெண்டு தண்ணி கழுவுனனுங்களே," என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை, அவளிடம் சொன்ன மாதிரியும் இல்லை. "அம்மிணி ஒத்தையில கெடந்து செரமப்படுதேன்னு, ரெண்டு தண்ணி கழுவித்தானுங்க குடுத்தேன்."

இரண்டு தண்ணீர் போதாது. அந்த மருந்துக்கு எத்தனை தண்ணீர் கழுவினாலும் நம்ப முடியாது, தனி ஸ்பிரேயர்தான் வேண்டும். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் என்றால், நான்தான்.

பழனியம்மாள் போனை எடுத்தாள். வடக்கே எங்கோ போர் போடுகிற இடத்தில் முருகேசன் எடுத்திருக்க வேண்டும், வண்டி இரைச்சல் எங்களுக்கே கேட்டது. அவள் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"ஏனுங்க, உங்கண்ணன் மேல தப்பில்லீங்க. ரெண்டு தண்ணி கழுவித்தான் குடுத்தாரு. பத்தலையாமா. நாந்தான் அவசரப்பட்டு உங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். அவருகிட்டப் பேசுங்க."

போனை மச்சாண்டாரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் 'ம்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் அவரைக் கொடியைப் பார்க்கிற மாதிரி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தோட்டத்துக்குச் செய்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒடுங்கிய கொழுந்தைக் கிள்ளிவிட்டு, தண்ணீர் பாய்ச்சி, கொஞ்சம் ஊட்டம் கொடுத்துக் காத்திருந்தோம். காத்திருந்ததுதான் கஷ்டம். வாரம் ஒருமுறை போனேன். இரண்டாவது வாரம் வரைக்கும் எனக்கே நம்பிக்கை இல்லை. மூன்றாவது வாரம் போனபோது, ஒடுங்கிய இலைகளுக்கு மேலே கைக்குட்டை அகலத்தில் புது இலை விரிந்திருந்தது. பழனியம்மாள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு செடியாகக் காட்டினாள், நான்தான் விவசாயி, அவள்தான் அலுவலர் என்கிற மாதிரி. பிடுங்கிய இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை. செங்கோட்டுவேலும் அவர் மனைவியும் வந்து, மண்ணைக் கிளறித் தட்டைப்பயறு ஊன்றிவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

அந்த மாத அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், தவறான பரிந்துரை கொடுத்தது நான் என்பதையும் சேர்த்து. என் மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, இந்த ஒரு வரியை எடுத்துவிடலாமே என்றார். இருக்கட்டும் சார் என்றேன். என்னை யாரும் தண்டிக்கவில்லை. ஆனால் வட்டாரத்தில் அடுத்த கூட்டத்தில், ஸ்பிரேயரைப் பற்றி நான் பேசியபோது எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். தப்பு செய்தவள் சொல்கிறாள் என்று தெரிந்துதான் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கும் தப்பு வரும். வராத அளவுக்குப் படித்தவர் யாரும் நம் துறையில் இல்லை. செடி காட்டுவது அறிகுறியை மட்டும்தான். காரணம் டேங்க்கில் இருக்கலாம், மண்ணில் இருக்கலாம், நேற்று நாம் சொன்ன ஒரு வார்த்தையிலும் இருக்கலாம். வரப்பு மேல் ஒரு சுற்று நடங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். தப்பாகிவிட்டால், செடியைக் காப்பாற்றும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். பின்னால் சொல்லலாம் என்று வைத்தால் சொல்லவே முடியாமல் போகும்.

முருகேசன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தார். அலுவலக வாசலில் அவரைப் பார்த்ததும், இருபத்தாறு வரிசைக்கு என்ன பதில் சொல்வது என்று தேடினேன். அவர் கையில் இரண்டு புது ஸ்பிரேயர்கள் இருந்தன. ஒன்றுக்குப் போர் வண்டியில் மிச்சமிருந்த சிவப்புப் பெயின்ட்டை மூடி முதல் அடி வரை பூசியிருந்தார். இன்னொன்று வாங்கிய நிறத்திலேயே இருந்தது. சிவப்பு களைமருந்துக்கு மட்டும், மற்றது பூச்சி மருந்துக்கு, இது சரிதானா என்று பார்த்துச் சொல்லத்தான் வந்திருக்கிறார். சிவப்பு அண்ணன் வீட்டிலும், மற்றது தன் வீட்டிலும் இருக்குமாம்.

ரொம்பச் சரி என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டுவிட்டேன், ஆளுக்கு இரண்டாக இரண்டு வீட்டுக்கும் வாங்கியிருந்தால் இன்னும் வசதியாக இருக்குமே என்று.

முருகேசன் சிரித்தார்.

"வாங்கலாமுங்க. அப்பறம் அவிய ஊட்டுக்கு நாங்க எதுக்குப் போறது, எங்கூட்டுக்கு அவிய எதுக்கு வாரது?"